கடைக் கணினி கணக்கைத் திறக்க மறுத்தால்: சேர்வர் தொடர்பும் கடவுச்சொல்லும்

பேரேட்டில் கணக்கு எழுதிய காலம் எமது கடைகள் பலவற்றிலிருந்து விடைபெற்றுவிட்டது. அன்றாட பில், இருப்பு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன், மொத்த வியாபாரிக்குச் செலுத்த வேண்டிய தொகை, காசோலைத் திகதி என யாவும் இன்று கணினிக்குள் இருக்கின்றன. பேரேடு காணாமற் போனால் கடை எப்படித் தடுமாறுமோ, அப்படியே கணினி கணக்கைத் திறக்க மறுத்தாலும் தடுமாறும். அதிலும் பெருநாளுக்கு முந்திய வாரத்தில், கவுண்டருக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்றோ "உள்நுழைவு தோல்வி" என்றோ திரையில் வந்தால் முதலாளியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வேளையில் வழமையாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பதற்றத்தில் கைக்கு வந்த கடவுச்சொற்களையெல்லாம் அடித்துப் பார்ப்பது. மற்றையது, அவசரமாக அழைக்கப்பட்டவர் "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டோல் செய்வோம்" என்று சொல்ல, நாமும் தலையாட்டுவது. முதலாவதால் நேரம் போகும். இரண்டாவதால் கடன் கணக்கு முழுவதுமே போகலாம். பழுதை நீங்களே திருத்த வேண்டும் என்பதில்லை. ஆனால், எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதற்கு இடமளிக்கக் கூடாது என்பதை கணக்கின் சொந்தக்காரர் தெரிந்திருக்க வேண்டும். இவ்வாரப் பாடம் அதுவே.

திரைக்குப் பின்னால் இருப்பது

கவுண்டரில் நீங்கள் காணும் பில் மென்பொருள் வெறும் முகப்பு மாத்திரமே. கணக்குகள் இருப்பது டேட்டாபேஸ் சேர்வர் எனப்படும் தரவுத்தளச் சேவையில். அது பெரும்பாலும் கடையின் பின் அறையில் உள்ள ஒரு கணினியில் இயங்கும். சிறு கடைகளில் பரவலாகப் பாவிக்கப்படுபவை இரண்டு. ஒன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர், அதிலும் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு. மற்றையது மை எஸ்.கியூ.எல். உங்கள் கடையில் இருப்பது எது என்பதை மென்பொருளைப் பொருத்தியவரிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரிலிருந்து கணக்கு வரை செல்வதற்கு நான்கு படிகள் உண்டு. இதனை ஒரு களஞ்சியத்துக்குச் செல்வதாக எண்ணிக்கொண்டால் விளங்கும்.

1. களஞ்சியத்தில் ஆள் இருக்க வேண்டும். அதாவது, தரவுத்தளச் சேவை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

2. களஞ்சியத்துக்குச் செல்லும் பாதை திறந்திருக்க வேண்டும், விலாசமும் சரியாக இருக்க வேண்டும். கேபிள், ரவுட்டர், ஐ.பி. இலக்கம், போர்ட் இலக்கம், பயர்வோல் ஆகியவை இதில் அடங்கும்.

3. வாசலில் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்த வேண்டும்.

4. உள்ளே சென்றபின், குறித்த அறையைத் திறக்க அனுமதி இருக்க வேண்டும். அதாவது, உங்கள் கடையின் தரவுத்தளத்தைப் பாவிக்கும் உரிமை அந்தப் பெயருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் இரண்டு படிகளில் கோளாறு இருந்தால் கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் பயனில்லை. மூன்றாவது படியில் கோளாறு என்றால் கேபிளையும் ரவுட்டரையும் மாற்றிப் பயனில்லை. எந்தப் படியில் தடை என்று அறிவதே பாதி வேலை.

முதற் கேள்வி: ஒரு கவுண்டரா, எல்லாமா?

இதனை அறிய எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. மூன்று கவுண்டர்களில் ஒன்று மாத்திரம் நின்றுவிட்டதா? அப்படியானால் சேர்வர் நன்றாகவே இருக்கிறது. அந்த ஒரு கணினியின் கேபிள், வை-பை, பயர்வோல், மென்பொருள் அமைப்பு ஆகியவற்றையே பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் எவரையும் கைவைக்க விட வேண்டாம்.

எல்லாக் கவுண்டர்களும் நின்றுவிட்டனவா? அப்போது பின் அறைக்குச் சென்று சேர்வர் கணினியிலேயே மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே திறக்கிறது, கவுண்டர்களில் மாத்திரம் திறக்கவில்லை என்றால் தடை பாதையில்தான். அங்கேயும் திறக்கவில்லை என்றால் சேவையே நின்றிருக்கலாம் அல்லது கடவுச்சொல் மாறியிருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: நேற்றுவரை ஓடியதற்கும் இன்று நின்றதற்கும் இடையில் என்ன மாறியது? மின்சாரம் போனதா? புதிய ரவுட்டர் வந்ததா? விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா? யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா? அனேகமான கோளாறுகளின் வேர் இந்தப் பதிலில் இருக்கும்.

பிழைச் செய்தியை வாசியுங்கள்

திரையில் வரும் செய்தியை மூடிவிடாமல் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இலக்கம் வைத்தியரின் பரிசோதனை அறிக்கை போன்றது. முக்கியமான சில வருமாறு:

மை எஸ்.கியூ.எல். பாவிப்பவர்களுக்கு:

- 2003: சேர்வரை அடையவே முடியவில்லை. இதில் கடவுச்சொல்லுக்குச் சம்பந்தமில்லை. விண்டோஸ் கணினியில் இதன் பின்னால் இன்னொரு இலக்கமும் வரும். 10061 என்றால் அந்த விலாசத்தில் ஒரு கணினி பதில் சொன்னது, ஆனால் அந்தப் போர்டில் எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சேவை நின்றிருக்கலாம், அல்லது விலாசமோ போர்ட் இலக்கமோ பிழையாக இருக்கலாம். 10060 என்றால் பதிலே வரவில்லை. சேர்வர் கணினி அணைந்திருக்கலாம், விலாசம் மாறியிருக்கலாம், பயர்வோல் மறித்திருக்கலாம்.
- 1130: பாதை சரி. ஆனால் நீங்கள் வரும் கணினிக்கு அனுமதி இல்லை.
- 1045: வாசல்வரை வந்துவிட்டீர்கள். பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. செய்தியின் இறுதியில், கடவுச்சொல் பாவிக்கப்பட்டதா என்பதற்கு "யெஸ்" அல்லது "நோ" என்று இருக்கும். "நோ" என்றால் மென்பொருள் கடவுச்சொல்லையே அனுப்பவில்லை. அப்போது சேர்வரை அல்ல, மென்பொருளின் அமைப்பைத்தான் திருத்த வேண்டும்.
- 1044: உள்ளே வந்துவிட்டீர்கள். அந்தத் தரவுத்தளத்துக்கு உங்களுக்கு உரிமை இல்லை.
- 1040: அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட அதிகமான தொடர்புகள் திறந்திருக்கின்றன. வழமையான எல்லை 151. மூன்று கவுண்டர் உள்ள கடையில் இது வந்தால், மென்பொருள் திறந்த தொடர்புகளை மூடாமல் விடுகிறது என்று பொருள். அதைச் செய்தவரிடம் கேளுங்கள்.

எஸ்.கியூ.எல். சேர்வர் பாவிப்பவர்களுக்கு:

- பிழை 26 அல்லது 40: சேர்வரைக் கண்டுபிடிக்கவோ அடையவோ முடியவில்லை. இது பாதையின் பிரச்சினை.
- 18456: உள்நுழைவு மறுக்கப்பட்டது. பெயர் பிழையா, கடவுச்சொல் பிழையா என்பதைக் கவுண்டர் திரையில் இது வேண்டுமென்றே சொல்வதில்லை. திருட வருபவனுக்குத் துப்புக் கிடைக்கக்கூடாது என்பதே காரணம். உண்மைக் காரணம் சேர்வர் கணினியிலுள்ள பிழைப் பதிவேட்டில் "ஸ்டேட்" என்ற இலக்கத்துடன் எழுதப்பட்டிருக்கும். 5 என்றால் அப்படியொரு பெயரே இல்லை. 8 என்றால் கடவுச்சொல் பிழை. 58 என்றால் சேர்வர் விண்டோஸ் பயனர்களை மாத்திரம் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்க, மென்பொருள் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு வந்திருக்கிறது.
- 4060: கேட்ட தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை. அதன் பெயர் பிழையாக இருக்கலாம், உரிமை இல்லாதிருக்கலாம், அல்லது தரவுத்தளம் இயங்கும் நிலையில் இல்லாதிருக்கலாம்.

இந்த இலக்கங்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசியில் "வேலை செய்யவில்லை" என்பதற்குப் பதிலாக "எல்லாக் கவுண்டரிலும் 2003, பின்னால் 10060" என்று சொன்னால், அவர் கடைக்கு வருமுன்பே பாதி விடயம் விளங்கிவிடும்.

பாதையில் வரும் கோளாறுகள்

எமது நாட்டில் இதற்கு முதற் காரணம் மின்சாரம். 2022 இல் மாதக்கணக்கில் நீடித்த மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. இலக்கத்தைப் புதிதாகப் பங்கிடலாம். நேற்றுவரை 192.168.1.10 ஆக இருந்த சேர்வர் இன்று 192.168.1.14 ஆகிவிடும். கவுண்டர்களோ பழைய விலாசத்துக்கே போய்த் தட்டும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பழைய இலக்கத்துக்கு "பிங்" கட்டளை கொடுத்துப் பார்த்தால் பதில் வரக்கூடும். அந்த இலக்கம் இப்போது ஊழியர் ஒருவரின் கைபேசிக்கோ பிரின்டருக்கோ போயிருக்கலாம். ஆகவே பிங் பதில் வந்ததும் சேர்வர் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். மறுபுறம், விண்டோஸ் பயர்வோல் பிங்கை மறிப்பதும் உண்டு. பதில் வரவில்லை என்பதால் சேர்வர் செத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். சேர்வர் கணினியிலேயே அதன் இலக்கம் என்னவென்று பார்ப்பதே சரியான வழி. நிரந்தரத் தீர்வு, ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஓர் இலக்கத்தை ஒதுக்கிவிடுவதாகும். தெரிந்தவருக்கு இது சில நிமிட வேலை.

அடுத்து, சேவை இயங்குகிறதா என்பது. விண்டோஸில் "சேர்விசஸ்" என்ற பகுதியில் தரவுத்தளச் சேவையின் பெயருக்கு எதிரே "ரன்னிங்" என்று இருக்க வேண்டும். நின்றிருந்தால் இயக்கிப் பார்க்கலாம். இயங்க மறுத்து 1069 என்ற இலக்கம் வந்தால் காரணம் வேடிக்கையானது. அந்தச் சேவை ஒரு விண்டோஸ் பயனரின் பெயரில் ஓடுகிறது. அப்பயனரின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள், சேவைக்கோ பழைய கடவுச்சொல்லே தெரியும். திங்கட்கிழமை மாற்றிய கடவுச்சொல் வியாழக்கிழமை மின்சாரம் போய் வந்த பின்னரே தொல்லை கொடுக்கும். ஏனெனில் சேவை மீண்டும் தொடங்கும்போதுதான் கடவுச்சொல் கேட்கப்படும். இதனால் உண்மைக் காரணத்தை விட்டுவிட்டு மின்சாரத்தையே எல்லோரும் குறை சொல்வார்கள்.

மூன்றாவது, பயர்வோல். மை எஸ்.கியூ.எல். வழமையாக 3306 ஆம் போர்டிலும், எஸ்.கியூ.எல். சேர்வர் 1433 ஆம் போர்டிலும் கேட்கும். எக்ஸ்பிரஸ் பதிப்போ பெரும்பாலும் தனிப் பெயருடன் பொருத்தப்படுவதால் மாறக்கூடிய ஒரு போர்டைப் பாவிக்கும். அதைக் கவுண்டர்களுக்கு அறிவிப்பது "பிரவுசர்" என்ற இன்னொரு சேவை. அது நின்றால் பிழை 26 வரும். புதிதாகப் பொருத்திய எக்ஸ்பிரஸ் பதிப்பில் வெளிக் கணினிகளுக்கான டி.சி.பி. வழி மூடப்பட்டே இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ரவுட்டரை மாற்றிய பின் கோளாறு தொடங்கியிருந்தால், விண்டோஸ் உங்கள் கடை வலையமைப்பைப் "பப்ளிக்" என்று கருதி வாசலை மூடியிருக்கலாம். அதைப் "பிரைவேட்" என மாற்றுவதே பரிகாரம். பயர்வோலை முற்றாக அணைத்துவிடுவது பரிகாரமாகாது.

இறுதியாக, சேர்வர் கணினி சும்மா இருக்கும்போது உறங்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மதிய உணவு வேளைக்குப் பின் தினமும் தொடர்பு அறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கடவுச்சொல்லின் கோளாறுகள்

கடவுச்சொல் பிழை என்றதும், முதலில் கேப்ஸ் லொக் அழுத்தப்பட்டிருக்கிறதா, விசைப்பலகை தமிழுக்கோ சிங்களத்துக்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஒன்றை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். கடையில் இரண்டு விதமான கடவுச்சொற்கள் உள்ளன. காசாளர் காலையில் அடிப்பது மென்பொருளின் கடவுச்சொல். மென்பொருள் தான் சேர்வருக்குள் நுழையப் பாவிப்பது வேறொன்று. அது அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். சேர்வரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இந்தக் கோப்பை மாற்ற மறந்தால், அடுத்த நாள் எல்லாக் கவுண்டர்களும் நின்றுவிடும்.

மை எஸ்.கியூ.எல். பாவிப்போர் இன்னுமொரு விடயத்தை அறிய வேண்டும். அது ஒருவரைப் பெயரைக் கொண்டு மாத்திரம் அடையாளம் காண்பதில்லை. பெயரையும் அவர் வரும் கணினியையும் சேர்த்தே பார்க்கும். பின் அறையிலிருந்து வரும் "ரூட்" வேறு, இரண்டாம் கவுண்டரிலிருந்து வரும் "ரூட்" வேறு. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், பின் அறையில் திறக்கிறது, கவுண்டரில் 1045 என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. கடவுச்சொல்லை மாற்றாமல், கவுண்டரிலிருந்து வருவதற்கென ஒரு கணக்கை உருவாக்க வேண்டும்.

சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் பழைய பில் மென்பொருள் நுழைய முடியாமற் போவதும் உண்டு. 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து மை எஸ்.கியூ.எல். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை மாற்றிவிட்டது. 2024 இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து பழைய முறை அறவே நீக்கப்பட்டுள்ளது. கடவுச்சொல் சரியாக இருந்தும் 2059 அல்லது 1251 என்று வந்தால், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கடவுச்சொல் தொலைந்தால் கணக்கும் தொலையுமா?

இல்லை. இதுவே இப்பாடத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. மென்பொருளைப் பொருத்தியவர் வெளிநாடு சென்றுவிட்டார், அல்லது கொடுக்கல் வாங்கலில் மனஸ்தாபம் ஏற்பட்டு அவர் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. சேர்வர் கணினியின் விண்டோஸ் நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் சேர்வரின் தலைமைக் கடவுச்சொல்லை மாற்ற முறையான வழி உண்டு.

எஸ்.கியூ.எல். சேர்வரை ஒருவர் மாத்திரம் நுழையக்கூடிய நிலையில் தொடக்கினால், அக்கணினியின் நிர்வாகி உள்ளே சென்று "எஸ்.ஏ." எனும் தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம். மை எஸ்.கியூ.எல். சேவையை நிறுத்தி, புதிய கடவுச்சொல்லுக்கான கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பை வாசித்தபடி சேவை தொடங்குமாறு செய்யலாம். வேலை முடிந்ததும் அக்கோப்பை அழித்துவிட வேண்டும். இவ்விரு வழிகளும் அவற்றை வெளியிட்ட நிறுவனங்களின் கைநூல்களிலேயே உள்ளன. சிலர் கடவுச்சொற் சோதனையையே நிறுத்திவிட்டு மை எஸ்.கியூ.எல்.லைத் தொடக்குவார்கள். அப்படிச் செய்தால் வலையமைப்புக் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோதனை மீண்டும் இயங்குகிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

எதைச் செய்யுமுன்பும் சேவையை நிறுத்தி, தரவுக் கோப்புகள் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுக்க வேண்டும். "பிரதி எடுத்துவிட்டீர்களா? எங்கே காட்டுங்கள்" என்று கேட்காமல் எவருக்கும் அழிக்கவோ மீளப் பொருத்தவோ அனுமதி கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

கடவுச்சொல் தொல்லை என்று அதை வெறுமையாக விடுவது முதலாவது. 2002 மே மாதத்தில் ஸ்பைடா என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவியது. அது கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்ட "எஸ்.ஏ." கணக்குகளைத் தேடியே உள்ளே நுழைந்தது. கிளைக் கடைக்காக ரவுட்டரில் தரவுத்தளப் போர்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது இரண்டாவது. 2017 இன் தொடக்கத்தில், இணையத்தில் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான மொங்கோ டி.பி. தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் கப்பம் கேட்கும் குறிப்பு வைக்கப்பட்டது. கிளையை இணைக்க வி.பி.என். எனப்படும் மறைவழித் தொடர்பைப் பாவியுங்கள். மூன்றாவது, எல்லோருக்கும் தலைமைக் கணக்கையே கொடுப்பது. மென்பொருளுக்கு ஒன்று, பிரதி எடுப்பதற்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என வெவ்வேறு கணக்குகள் இருக்கட்டும்.

இவ்வாரமே செய்ய வேண்டியவை

ஒன்று: ஒரு தாளில் சேர்வரின் பெயர், ஐ.பி. இலக்கம், போர்ட், பதிப்பு, விண்டோஸ் நிர்வாகிக் கடவுச்சொல், தலைமைக் கணக்கின் கடவுச்சொல், தரவுக் கோப்புகள் உள்ள இடம் ஆகியவற்றை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் கடையைப் பொறுப்பேற்பவர் அது இருக்கும் இடத்தை அறிந்திருக்கட்டும்.

இரண்டு: ஊழியரோ தொழில்நுட்பவியலாளரோ விலகும் நாளிலேயே கடவுச்சொற்களை மாற்றி, அமைப்புக் கோப்பையும் மாற்றி, எல்லாக் கவுண்டர்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வியாபாரம் மந்தமான வேளையில் இதைச் செய்வது நல்லது.

மூன்று: தினப் பிரதியை உறுதி செய்யுங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் குறித்துப் பிரதி எடுக்கும் வசதி உள்ளடக்கப்படவில்லை. அதற்கென விண்டோஸில் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மாதமொரு முறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பிரதி, வங்கியில் போட்டுப் பார்க்காத காசோலை போன்றது.

நான்கு: சேர்வருக்கும் ரவுட்டருக்கும் யூ.பி.எஸ். பொருத்துங்கள். திடீரென மின்சாரம் அறுவது தரவுக் கோப்புகளையே பழுதாக்கக் கூடும்.

ஐந்து: கவுண்டரில் இலக்கமிட்ட, கார்பன் பிரதியுடனான பில் புத்தகம் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். கணினி நின்றாலும் வியாபாரம் நிற்க வேண்டியதில்லை. கடன் கொடுத்ததைக் கையொப்பத்துடன் அதில் எழுதி, சேர்வர் திரும்பியதும் இலக்க வரிசைப்படி கணினியில் பதியலாம். அவசரமில்லாமல் பழுதுபார்க்க அவகாசம் தருவதும் இந்தப் புத்தகமே. அவசரத்தில் எடுக்கும் முடிவுகளால்தான் கணக்குகள் பெரும்பாலும் அழிகின்றன.

கணினியும் மென்பொருளும் பிறர் செய்து தந்தவையாக இருக்கலாம். அதிலுள்ள கணக்கு உங்களுடையது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.